மாப்பிள்ளை சொன்ன ஸேட்

வட்டகொடை,
பவ வருஷம், ஆனி மாதம்.

ராகலைக் கடைவீதியில் ஜவுளியையும் மளிகையையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, இரண்டுக்கும் ஒரே வாசனை வரும்படி நடத்திவரும் என் மதிப்பிற்குரிய மச்சான் லெட்சுமணன் அவர்கள் சமூகத்துக்கு, வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருப்பவனும், தங்கள் தங்கை தனலெட்சுமியின் கணவனுமாகிய வடிவேல் வணங்கி எழுதிக்கொண்டது. முருகன் கிருபையால் இங்கே நானும் தங்கள் தங்கையும் பசுமாடும் சுகம். மழைக்குத்தான் சுகமில்லை, நிற்காமல் கொட்டுகிறது. அங்கே தங்கள் உடம்பும் வீட்டில் உள்ளவர்கள் உடம்பும் வியாபாரமும் சுகமாக இருக்கும் என்று நம்பி, மேற்கொண்டு எழுதுகிறேன்.

தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. இவ்வளவு மழையில் நனைந்து வந்தும் அதன் சூடு ஆறவில்லை. விஷயத்தை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்க்க ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். மாசியில் கல்யாணம் முடித்து வட்டவளைக்கு அனுப்பிவைத்த தங்கள் மகள், நம் சீதாலெட்சுமி அங்கே நல்ல சாப்பாடு, நல்ல வீடு, நல்ல கம்பளி என்று குறையில்லாமல் இருக்கிறாள். மாப்பிள்ளை நாகரத்தினமும் அங்கே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர், அட்டனில் இங்கிலீஷ் படித்தவர், வெற்றிலைகூடப் போடாதவர். அப்படிப்பட்டவர் ஆனி பிறந்தது முதல் சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சன்னல் ஓரம் உட்கார்ந்து, மழையைப் பார்த்து, "ஐ ஆம் ஸேட்" என்று சொல்கிறாராம். சீதாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் கெட்டிக்காரப் பெண் அல்லவா, அந்த வார்த்தையை மறந்துவிடாமல் இருக்க அரிசி களையும்போதும் மாடு கட்டும்போதும் வாய்க்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்து, அந்தப் பக்கம் வந்த வளையல்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவரும் வளையலை உடைக்காமல் கொண்டுவருகிற பழக்கத்தால் அதையும் உடைக்காமல் கொண்டுவந்து தங்களிடம் சேர்த்துவிட்டார். ராகலையில் இங்கிலீஷ் தெரிந்தவர்களிடம் கேட்டதில், சந்தோஷமில்லாதவன் சொல்லுகிற வார்த்தை அது என்று சொல்லியிருக்கிறார்கள். உடனே தாங்கள், மாப்பிள்ளைக்கு நம் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, வழக்கம்போல ஆடிக்கு அழைத்து வருகிற சாக்கில் நான்கு பெரிய மனிதர்களோடு போய்ப் பெண்ணையும் சீர்ப் பாத்திரங்களையும் சேர்த்துக் கொண்டுவந்து, ஆடி முடிந்தாலும் திருப்பி அனுப்புவதில்லை என்று தீர்மானித்து, "இந்த வார்த்தைக்கு ஒழுங்கான அர்த்தம் என்ன, நான் செய்யப்போவது சரியா, இரண்டையும் உடனே எழுதவும்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மச்சான், நான் இத்தனை வருஷம் ஆபீசில் உட்கார்ந்து படித்த இங்கிலீஷ் குடும்பத்துக்கு உபயோகப்படுவது இதுதான் முதல் தடவை. அதனால் அவசரப்படாமல் விளக்கமாகவே எழுதுகிறேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்த வார்த்தையில் தொங்குகிறது என்பது எனக்குத் தெரியும். பாத்திரங்களை மூட்டை கட்டுவதைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு மேலே படிக்கவும்.

ஸேட் என்றால் துயரம், வருத்தம், மனசு சரியில்லாமை என்று ராகலைக்காரர்கள் சொன்னது தப்பில்லை. ஆனால் அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, வெள்ளைக்காரர்கள் அதை எங்கெங்கே போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வருஷம் ஒருமுறை தோட்டத்தைப் பார்வையிட வருகிற துரை, கான்கள் எல்லாம் ஸேட் நிலைமையில் இருப்பதாக எழுதிவிட்டுப் போவார். தண்ணீர் ஓடுகிற கானுக்கு என்ன மனசு, என்ன வருத்தம் என்று நான் முதல் வருஷம் திகைத்துப்போனேன். மண் விழுந்து அடைத்துக் கிடக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். பங்களாக் குசினியில் கேக் பொங்காமல் அமுங்கிப்போனால் அதுவும் ஸேட். குடைக்கம்பி வளைந்தால் குடை ஸேட். எதற்கும் உதவாத ஒரு சின்னத் துரையை எங்கள் துரை ஸேட் ஆள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அந்தச் சின்னத் துரையோ நாள் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டு திரிகிறவர். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரொம்ப ஸேட் என்று வெள்ளைக்காரர் சொன்னால் பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் மழையால் பந்தாட்டம் நின்றுபோயிருக்கும். கொஞ்சம் ஸேட் என்று மெதுவாகச் சொன்னால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. நம் ஆட்களில் ஒருவர் மனசு சரியில்லை என்றால், எதிரே நிற்பவர் வாய் தானாக "ஏன், என்ன ஆச்சு?" என்று கேட்கும். கேட்காவிட்டால் மனுஷனே இல்லை. சொன்னவரும் அதற்காகத்தான் சொல்கிறார். இங்கிலீஷ் ஸேடுக்கு அந்த ஏன் கிடையாது. காரணமே இல்லாமல் அது வரும், உட்காரும், போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நாங்கள் பட்டபாட்டைச் சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும். போன ஐப்பசியில் எங்கள் தோட்டத்தில் நடந்ததை இதுவரை வெட்கத்தினால் தங்களுக்கு எழுதவில்லை.

எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும், ஏசுவதற்கு வேண்டிய அளவு. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போது அவர் போடுகிற சத்தம் அடுத்த மலை வரை கேட்கும். அதைக் கேட்டுத்தான் அடுத்த தோட்டத்தில் மணி அடிப்பார்கள். கல்யாணம் ஆகாதவர், நாற்பது வயது தாண்டியவர், பெரிய பங்களாவில் தனியாக இருப்பவர். அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. துரை பெரட்டுக்கு வந்தார், நின்றார், தேயிலைக் கொழுந்தையும் பார்க்கவில்லை, ஆட்களையும் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை ஏசாமல் திரும்பிப் போய்விட்டார். ஆட்கள் பயந்துபோனார்கள். ஏசுகிற துரைதான் அவர்களுக்குப் பழக்கம், ஏசாத துரையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆபீசுக்கு வந்தவரிடம் நான் எழுந்து நின்று இங்கிலீஷில், ஏதாவது தப்பு நடந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் சன்னல் வழியாக மழையைப் பார்த்தபடியே, "ஐ ஆம் ஸேட், கிளாக்கர்" என்றார். ஏன் என்று கேட்டேன். காரணம் ஒன்றும் இல்லை என்றார். நான் "எஸ் சார்" என்று சொல்லிக் கையெழுத்துக்கு வேண்டிய கடுதாசிகளை நீட்டினேன். போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதோடு விஷயம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆபீஸ் சன்னலுக்கு வெளியே பெரிய கங்காணி பெரியதம்பி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றதை நான் கவனிக்கவில்லை.

"தொரைக்கு என்னாங்கய்யா?" என்றார்.

"மனசு சரியில்லையாம், கங்காணி."

"ஏனாம்?"

"ஏனெல்லாம் இல்லையாம். சும்மாதானாம்."

கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா எப்புடிங்க மனசு சரியில்லாமப் போகும்? நமக்கெல்லாம் போகுதா? அவரு சொல்ல முடியாம ஒங்ககிட்ட மறைக்கிறாருங்க. சீமையில யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சு."

நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். கானுக்கு ஸேட் வருவதையும் கேக்குக்கு ஸேட் வருவதையும் உதாரணம் காட்டினேன். கங்காணி கேட்டபாடில்லை. மத்தியானத்துக்குள் விஷயம் தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ்க்கணக்கில் ஆட்கள் குடியிருக்கிற லயங்கள் முழுவதும் பரவிவிட்டது. துரையின் தாயார் தவறிவிட்டார் என்று ஒரு லயம், அண்ணன் தவறிவிட்டார் என்று இன்னொரு லயம், தேயிலை விலை விழுந்ததால் தோட்டத்தையே மூடிவிட்டு எல்லோருக்கும் வேலை தீர்ந்ததென்று துண்டு எழுதிக் கொடுத்து அனுப்பப்போகிறார்கள், அதை வாய் திறந்து சொல்ல முடியாமல்தான் மனுஷன் தவிக்கிறார் என்று தண்ணீர்க் குழாய்ப் பக்கம். சாயங்காலம் கங்காணி நாலைந்து பேரோடு என் வீட்டு வாசலுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் பங்களாவுக்குக் கேதம் கேட்கப் போவதாகச் சொன்னார். இறந்தது யாரென்றே தெரியாமல் எப்படிக் கேதம் கேட்பது என்றேன்.

"யாருன்னு வெசாரிச்சுட்டா எல்லாரும் கேதத்துக்குப் போறாங்க? போனப்பறந்தான் தெரியும். போகாம இருந்துட்டு, திங்கக்கெழம அவரு மொகத்துல எப்புடிங்க முழிக்கிறது? ஒத்தையாளா அந்தப் பெரிய வீட்டுல ஒக்காந்திருக்காரு."

"தப்பு அடிக்க வேண்டாம்" என்றேன். தடுத்து நிறுத்த முடியாது என்று தெரிந்ததும் குறைந்தது மேளத்தையாவது நிறுத்தலாம் என்று பார்த்தேன்.

"தப்பு வேணாங்க. சங்கு மட்டும்?"

"சங்கும் வேண்டாம், கங்காணி. பிணம் இல்லை."

அவருக்கு அரை மனசுதான். என்னையும் கூட வரச் சொன்னார்கள், துரை இங்கிலீஷில் அழுதால் சொல்ல ஆள் வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஆண்கள் எல்லோரும் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே, பெண்கள் பின்னே. பங்களாப் பூந்தோட்டத்துக்குள் தோட்டக்காரனைத் தவிர வேறு ஆள் கால் வைத்ததே இல்லை. நான் ரோஜாப் பாத்தி, ரோஜாப் பாத்தி என்று கத்தினேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. முதலில் நடந்தது குசினியில். அன்றைக்கு மத்தியானம் பக்கத்துத் தோட்டத்துத் துரையும் துரைசாணியும் சாப்பிட வருவதாக ஏற்பாடு. பங்களாவில் சமைக்கிற அப்பு செல்லசாமி அடுப்பை நன்றாக எரியவிட்டு ஒரு கோழியைத் தயார் செய்துகொண்டிருந்தார். கீழ்க்கணக்கில் வயதிலும் வாயிலும் மூத்தவளான காளியாயி நேரே உள்ளே போய், ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றிவிட்டாள். "கேத வீட்டுல அடுப்பு பத்த வைப்பாங்களாய்யா? நீயெல்லாம் ஒரு சமையக்காரனா?" என்று கேட்டாளாம். செல்லசாமி பதில் சொல்வதற்குள், லயத்திலிருந்து கொண்டுவந்த ரொட்டிச் சட்டியும் தேங்காய்ச் சம்பலும் மேசையில் ஏறிவிட்டன. துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தானே சாப்பாடு கொண்டுபோக வேண்டும், அதில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை.

துரை வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். புகை வந்த திசையைப் பார்த்து எழுந்தவர், வாசலில் இத்தனை பேரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். பெண்கள் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு அழத் தொடங்கினார்கள். தொடங்கிய பிறகுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. பெயர் சொல்லி அழ வேண்டும், பெயர் யாருக்கும் தெரியாது. கொழுந்து பறிக்கிற வீரம்மா கொஞ்சம் தயங்கினாள். பிறகு தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டாள். இந்தியாவிலிருந்து வரும்போது மண்டபம் காம்பில் காய்ச்சல் கண்டு, அங்கேயே புதைத்துவிட்டு வந்த பிள்ளையாம். காளியாயி, மரம் சாய்ந்து செத்துப்போன தன் புருஷனைச் சொல்லி அழுதாள். அப்புறம் ஒவ்வொருத்தியும் அவரவர் ஆளை எடுத்துக்கொண்டார்கள். வீரம்மாவை நான் தினமும் பார்க்கிறேன், மச்சான். அவளுக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது.

துரை என்னை அருகே கூப்பிட்டு இங்கிலீஷில், "யார் செத்தது, கிளாக்கர்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை, சார்."

"பிறகு ஏன் அழுகிறார்கள்?"

"தாங்கள் ஸேட் என்று கேள்விப்பட்டார்கள், சார்."

துரை புல்தரை முழுவதையும் ஒருமுறை பார்த்தார். "எல்லோருமா?" என்றார். "எஸ் சார், கீழ்க்கணக்கு முழுவதும்" என்றேன். அவர் மெதுவாக இறங்கி வந்து, ஈரமாக இருந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துரைமார் படியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இனி ஆண்கள் முறை. நம் வழக்கப்படி கேதம் கேட்கப் போனவர் ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் நீட்டுவார், துக்கக்காரர் அந்தக் கையைத் தொட வேண்டும், அவ்வளவுதானே? பெரிய கங்காணி முதலில் போய்க் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். துரை அந்தக் கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அப்புறம் தன் வலது கையைக் கொடுத்து, வெள்ளைக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்கிறபடி மேலும் கீழும் குலுக்கினார். கங்காணிக்கு அந்த வழக்கமெல்லாம் எங்கே தெரியும்? திரும்பி என்னைப் பார்த்து, "ஐயோ பாவங்க, தொரைக்குக் கையே நடுங்குதுங்க!" என்று சொல்லி, நடுக்கம் நிற்கும்வரை அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். துரை குலுக்க, இவர் பிடிக்க, அவர் இன்னும் பலமாகக் குலுக்க, இவர் இன்னும் பலமாகப் பிடிக்க, பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் கை கொடுத்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவனுக்கும் கான் வெட்டுகிறவனுக்கும் ஒரே மாதிரி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், நான் வரிசையிலேயே நிற்கவில்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் பக்கத்துத் தோட்டத்துத் துரையின் மோட்டார் வந்து நின்றது. புல்தரையில் பெண்கள் மாரடித்து அழுகிறார்கள், படியில் ஒரு துரை, எதிரே கைகொடுக்க வரிசை, குசினியில் புகை. விருந்துக்கு வந்த துரை தொப்பியைக் கழற்றினார். துரைசாணி கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். அந்தத் துரை என்னிடம் வந்து மிகவும் மெதுவான குரலில், "யார்?" என்று கேட்டார். "யாரும் இல்லை, சார். ஸேட் மட்டும்தான்" என்றேன். அவர் முகம் சிவந்தது. தொப்பியைத் திரும்பவும் வைத்துக்கொண்டு, துரைசாணியையும் இழுத்துக்கொண்டு, சாப்பிடாமலே மோட்டாரைத் திருப்பிவிட்டார். அது போகிற வேகத்தில் மிச்சமிருந்த ஒரு ரோஜாச் செடியும் போயிற்று. அந்த வாரம் துரைமார் கூடுகிற இடங்களில் எல்லாம் எங்கள் தோட்டத்துப் பேச்சுத்தானாம்.

மறுநாள் காலைப் பெரட்டில் துரை ஏசினார். கானை ஏசினார், கொழுந்தை ஏசினார், கங்காணியின் மீசையை ஏசினார். ஆட்களுக்கு வந்த சந்தோஷத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். "தொரை ஏசிட்டாருங்க! நல்லா ஏசிட்டாரு!" என்று மலை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வந்த கொழுந்தைத் தொழிற்சாலையில் கொட்ட இடமில்லை. ஆனால் எனக்கு நடந்தது வேறு. ஆபீசில் கதவைச் சாத்திவிட்டு என்னை நிறுத்திவைத்து, "கிளாக்கர், ஒரு இங்கிலீஷ்காரன் ஸேட் என்றால் அவனைத் தனியாக விட்டுவிட வேண்டும். விளங்கிற்றா? தனியாக!" என்றார். விளங்கிற்று என்றேன். ரோஜாப் பாத்தியைப் பற்றியும் கொஞ்சம் பேசினார். நான் வெளியே போகும்போது கூப்பிட்டு, அந்த ரொட்டியைச் சுட்ட பெண் யார், ஞாயிற்றுக்கிழமைகளில் அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். காளியாயி இன்று வரை அனுப்பிக்கொண்டிருக்கிறாள், அப்பு செல்லசாமி இன்று வரை அவளோடு பேசுவதில்லை. அது நம் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. விவரம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

ஆக, மச்சான், ஸேடுக்கு மருந்து தனிமை. இதை நான் சொல்லவில்லை, அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரரான ஒரு வெள்ளைக்காரரே கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். மாப்பிள்ளைக்கு வந்திருப்பதும் அதே இங்கிலீஷ் ஸேட்தான். இங்கிலீஷ் படித்தவர்களுக்குப் படிப்போடு ஒட்டிக்கொண்டு வருவது. அதற்கும் நம் சீதாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அதற்குக் காரணமே கிடையாது என்பதைத் தாங்கள் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே பெரிய மனிதர்கள் வேண்டாம், சண்டை வேண்டாம், பாத்திரத்தில் கை வைக்க வேண்டாம். ஆடிக்கு அழைப்பதை மட்டும் விடாமல் செய்யுங்கள். ஆடி பிறப்பதற்கு நாலு நாள் முன்னதாகவே போனாலும் நல்லதுதான். சீதாவைப் பூவும் மஞ்சளுமாக ராகலைக்கு அழைத்து வந்துவிட்டால், மாப்பிள்ளைக்கு வீடு முழுக்கத் தனிமை கிடைக்கும். சன்னலும் அவருடையது, மழையும் அவருடையது. மாதம் முடிவதற்குள் ஸேட் தானாக இறங்கிவிடும். அதுவரைக்கும் சீதா அவர் பக்கத்தில் போய் உட்காராமல் இருக்கச் சொல்லி அனுப்புங்கள். அவர் அந்த வார்த்தையைச் சொன்னால் இவள் "எஸ் சார்" என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் போய்விடுவது உத்தமம். ஏன் என்று மட்டும் கேட்கவே கூடாது.

தங்கள் மனம் இதனால் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் வீட்டில் விளக்கும் கடையில் சில்லறையும் எப்போதும் குறையாமல் இருக்கவும், சீதாவும் மாப்பிள்ளையும் பல்லாண்டு ஒரு குடைக்குள் நடக்கவும், மழை ஒரு நாளாவது விடவும் முருகனை வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சிறியவர்களுக்கு என் ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
வடிவேல்.

பின் குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதைத் தங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் கிழங்கு அரிந்துகொண்டே கேட்டாள். கங்காணி துரையின் கையைப் பிடித்த இடத்தில் சிரித்தாள், வீரம்மா அழுத இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எப்பருந்து மாப்புள இப்புடிச் சொல்றாராம்?"

ஆனி பிறந்ததிலிருந்து என்றேன்.

"ஆனி பொறந்ததும்தானே எங்கண்ணன், ஆடிக்குப் பொண்ண அழைக்க வர்றோம்னு ஆள் அனுப்பிச்சு?" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "கட்டி ஆறு மாசங்கூட ஆகல. அடுத்த மாசம் ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லிட்டு வந்தா, அந்தப் புள்ள சன்னலப் பாத்து ஒக்காராம என்னங்க செய்யும்? இதுல காரணமே இல்லன்னு நாலு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கீங்க."

அப்படியானால் அதை வாய் திறந்து தமிழில் சொல்ல வேண்டியதுதானே, எதற்கு இங்கிலீஷ் என்று கேட்டேன்.

"பொண்டாட்டிய விட்டுட்டு இருக்க முடியலன்னு எந்த ஆம்பள தமிழ்ல சொல்லியிருக்கான்? நீங்க சொல்லியிருக்கீங்களா? அந்தப் புள்ள இங்கிலீசுலயாச்சும் சொல்லுது. சித்திரையில புள்ள பொறந்தா வெயிலு தாங்காதுன்னு ஊருல ஆடிக்குப் பிரிச்சு வச்சாங்க. இந்தக் குளிருல எங்க இருக்கு வெயிலு? எங்கண்ணன ராகலையிலயே இருக்கச் சொல்லுங்க."

ஆகவே மச்சான், மேலே நான் எழுதியதில் வணக்கத்தையும் ஆசீர்வாதத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடவும். சீதாவை இந்த ஆடிக்கு அழைக்க வேண்டாம். அழைக்கப் போவதில்லை என்ற செய்தியை உடனே, அந்த வளையல்காரரிடமே, பத்திரமாகக் கொடுத்து அனுப்பவும்.

இன்னொன்று. எங்களுக்குக் கல்யாணமான வருஷம் தங்கள் தகப்பனார் வந்து தனலெட்சுமியை ஆடிக்கு அழைத்துப் போனார். நான் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, குடையை ரயிலில் மறந்துவிடாதே என்று சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினேன். அந்த மாதம் முழுவதும் எனக்கு இருந்தது என்ன என்பதை, அவள் கத்தியைத் திரும்ப எடுப்பதற்குள் இன்று சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். கிழங்கைத் தள்ளி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தபால்காரன் அழகன் பையோடு வாசலில் வந்து நின்று, எங்களைப் பார்த்து, கூப்பிடாமலே போய்விட்டான். ஆகையால் இந்தக் கடிதம் தங்களுக்கு ஒரு நாள் பிந்திக் கிடைக்கும். பொறுத்துக்கொள்ளவும்.